ஓடி ஆடிப் படித்தால் மனதில் நிற்குமா? வாசகர் கேள்வி – பதில்

சிறுவர் அரங்கு, செயற்பாட்டு வழிக் கற்றல் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தரம் 6 விஞ்ஞானத்தில் திண்மம், திரவம், வாயு பாடத்தை நாடகமாகச் செய்வித்தேன். ஐஸ்கட்டி, தண்ணீர், நீராவி என மூன்று பிள்ளைகள் அரசரிடம் போய் “நானே பெரியவன்” என்று வாதாடினார்கள். வகுப்பே சிரித்து மகிழ்ந்தது. அடுத்த கிழமை கேட்டால் வசனம் ஞாபகம் இருக்கிறது, பாடம் இல்லை. பிழை எங்கே?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: பிள்ளைகளின் உடம்பு செய்தது வாதாட்டம். அதனால் வாதாட்டம் பதிந்துவிட்டது. ஒரு செயலைக் காதால் கேட்பதிலும் பார்க்கச் செய்து பார்த்தால் கூடுதலாக நினைவில் நிற்கும் என்பதை 1980களிலிருந்து உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆனால் நிற்பது செய்த செயல்தான். பக்கத்தில் சொல்லப்பட்ட பாடம் அதனோடு ஒட்டிக்கொண்டு வராது. எனவே நாடகத்தைத் திட்டமிடும்போது ஒரு சோதனை வையுங்கள்: வசனம் எதையும் கேட்காத ஒருவர் யன்னலுக்கு வெளியே நின்று பிள்ளைகளின் அசைவை மட்டும் பார்த்தால், என்ன பாடம் நடக்கிறது என்று ஊகிக்க முடியுமா? முடியாவிட்டால் அசைவை மாற்ற வேண்டும்.

உங்கள் பாடத்தின் உயிர், பொருளை ஆக்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் எப்படி அடுக்கப்பட்டு எப்படி அசைகின்றன என்பதுதான். அதை அப்படியே உடம்புக்குக் கொடுங்கள். 16 பிள்ளைகளை நிரைக்கு 4 பேராக 4 நிரையில் நெருக்கமாக நிறுத்துங்கள். ஒவ்வொருவர் காலடியிலும் சோக்கால் ஒரு புள்ளி. திண்மம் என்றால் கால் புள்ளியை விட்டு எழும்பக் கூடாது, ஆனால் உடம்பு இடைவிடாமல் அதிர வேண்டும். “சூடு கூடுகிறது” என்றதும் அதிர்வு கூடும். திரவம் என்றால் புள்ளியை விடலாம், ஆனால் தோள்கள் உரசும் நெருக்கம் குறையாமல் ஒருவரை ஒருவர் வழுக்கிக் கடக்க வேண்டும். வாயு என்றால் நேர்கோட்டில் நடந்து, சுவரையோ இன்னொருவரையோ எட்டியதும் திசை மாறி, வகுப்பறை முழுவதும் பரவ வேண்டும். ஓட விடாதீர்கள், வேகநடை போதும். மற்றப் பிள்ளைகள் கொப்பியில் புள்ளி வைத்து வரைந்துகொண்டிருக்கட்டும். பிறகு இரு பகுதியும் இடம் மாறட்டும்.

இங்கே நான்கு பிழைகள் வரும். முதலாவது, “சூடு” என்றதும் பிள்ளைகள் கையை விரித்து ஊதிப் பெரிதாகிக் காட்டுவார்கள். துணிக்கை பருப்பதில்லை, இடைவெளிதான் கூடுகிறது என்று அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள். இந்தத் தவறான எண்ணம் திருத்தப்படாவிட்டால் மேல் வகுப்புவரை கூடவே வரும். இரண்டாவது, திரவத்தில் பிள்ளைகள் பாதித் தூரம் விலகி நிற்பார்கள். சில புத்தகப் படங்களும் அப்படித்தான் வரைந்திருக்கும். உண்மையில் திரவத் துணிக்கைகள் திண்மத்தில் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட நெருக்கமாகவே இருக்கும். மூன்றாவது, “உங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் “காற்று” என்பார்கள். ஒன்றுமில்லை என்பதே விடை. வகுப்பறையில் உண்மையாகவே காற்று இருப்பதால் இந்த இடத்தை வாயால் விளக்கத்தான் வேண்டும், நடிப்பால் முடியாது.

நான்காவது பிழை உதாரணத்தில் இருக்கிறது. உருகுதலுக்கு ஐஸ்கட்டியை எடுக்காதீர்கள். ஐஸில் துணிக்கைகள் தண்ணீரில் உள்ளதிலும் விலகி நிற்கின்றன. ஐஸ் மிதப்பது அதனால்தான். மற்றப் பொருள்களில் பெரும்பாலும் நிலைமை மறுபக்கம். மெழுகுவர்த்தியை உருக்கிக் காட்டி, அதை நடிப்பது பாதுகாப்பு. ஆவியாதலுக்குத் தண்ணீரை எடுக்கலாம்.

முடிவில் “தொடங்கும்போது எத்தனை துணிக்கை? இப்போது எத்தனை?” என்று கேளுங்கள். 16, 16. அதுவே திணிவு மாறவில்லை என்பதற்கான வாசல். பிறகு ஒவ்வொருவரும் மூன்று பெட்டி கீறித் துணிக்கைகளை வரையட்டும். வாயுப் பெட்டியில் புள்ளி பெரிதாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு முதலாவது பிழை இன்னும் போகவில்லை.

கேள்வி: மகன் தரம் 1. நூறுவரை கடகடவென்று சொல்வான். ஆனால் 6, 8 இரண்டில் எது பெரிது என்றால் யோசிக்கிறான். 4 உடன் 3ஐக் கூட்டச் சொன்னால் 6 என்கிறான். வீட்டில் என்ன செய்யலாம்?
– தாய், சுன்னாகம்

பதில்: எண்களின் பெயர் வரிசை அவருக்குப் பாட்டுப்போல் வருகிறது, அளவு இன்னும் வரவில்லை. இந்த வயதில் இது வழமை. அளவைக் கால்களால் உணர வைக்கலாம்.

விறாந்தைச் சீமெந்துத் தரையில் 3 மீற்றர் நீளத்துக்குச் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். 30 சென்ரிமீற்றருக்கு ஒரு குறுக்குக்கோடு. 0 தொடங்கி 10 வரை மொத்தம் 11 குறிகள் வரும். அடிமட்டம் வைத்து அளந்தே போடுங்கள். கண்மதிப்பில் போட்டு 8க்கும் 9க்கும் நடுவில் இடம் சுருங்கினால், “ஒவ்வொன்றும் ஒரே அளவு கூடுகிறது” என்ற பாடமே கெட்டுவிடும். பிள்ளை கோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், 0 அவருடைய இடக்கைப் பக்கம். கூட்டுவதற்கு வலப்பக்கம் பக்கவாட்டாக அடி வைப்பார், கழிப்பதற்கு இடப்பக்கம். கோட்டின் மேல் முன்னோக்கி நடக்க விடலாம்தான். ஆனால் பின்பு கொப்பியில் அவர் காணப்போகும் எண்கோடு இடமிருந்து வலம் போவது. உடம்பும் அதே திசையில் பழகினால் மாற்றம் சுலபம்.

4 + 3 = 6 எப்படி வந்தது என்று பாருங்கள். 4இல் நின்றபடியே “ஒன்று” என்று சொல்லத் தொடங்கியிருப்பார். நிற்கும் குறியையும் எண்ணிவிடுகிறார். திருத்தம் எளிது: முதலில் அடி வைக்க வேண்டும், கால் நிலத்தில் பட்ட பிறகே வாய் திறக்க வேண்டும். அத்தோடு “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்ல விடாதீர்கள். கால் படும் குறியின் பெயரைச் சொல்லட்டும்: “ஐந்து, ஆறு, ஏழு”. எத்தனை அடி என்பதை நீங்கள் மூன்று தரம் கைதட்டிக் காட்டுங்கள். சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் பயன் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சீக்லர், ராமனி என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளிப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எழுதிய பலகையில் 15 நிமிடப்படி நான்கு தடவை விளையாடினார்கள். எண்களின் அளவை மதிக்கும் திறன் தெளிவாகக் கூடியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதிலாக நிறம் இருந்தபோது கூடவில்லை. அவர்களும் காய் நகரும் பெட்டியின் எண்ணையே சொல்ல வைத்தார்கள்.

நாளுக்கு 10 நிமிடம் போதும். அவர் களைக்க முன்பே நிறுத்துங்கள். பிழையில்லாமல் வரத் தொடங்கியதும் கொடியில் உடுப்புக் கிளிப் கொழுவும் விளையாட்டுக்கு மாறுங்கள்: கயிற்றின் இரு முனையிலும் 0, 10 அட்டைகள் மட்டும். “7 எங்கே வரும்?” என்று கேட்டு அந்த இடத்தில் கிளிப்பைக் கொழுவச் செய்யுங்கள். நடுவில் 5 இருக்கும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தால் அளவு பிடிபட்டுவிட்டது என்று பொருள். அடுத்தது கொப்பியில் கோடு, விரல் நடக்கும். அதற்குப் பிறகு கோடும் வேண்டாம். கால், விரல், மனம் என்ற இந்த இறக்கத்தை விட்டுவிட்டு விறாந்தையிலேயே நின்றால், பிள்ளை விறாந்தையில் மட்டும் கணக்குத் தெரிந்தவராக இருப்பார்.

கேள்வி: முன்பள்ளியில் 22 பிள்ளைகள். விளையாட்டு என்று சொன்னவுடன் சிதறி ஓடிவிடுகிறார்கள், திரும்ப இருத்தவே முடியவில்லை. நாடகமெல்லாம் எங்களுக்குச் சரிவருமா?
– முன்பள்ளி ஆசிரியை, காரைநகர்

பதில்: வரும். விளையாட்டுக்கு முன் நிற்கப் பழக்க வேண்டும். முதல் கிழமை வேறொன்றும் வேண்டாம், நிற்கும் விளையாட்டு மட்டும். இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் நடை, தட்டு நின்றால் சிலை. குரலால் “நில்லுங்கோ” என்று கத்தினால் சத்தத்தோடு சத்தம் கலந்துவிடும். சிரட்டை ஒலி வேறாகக் கேட்கும். வெளி எல்லையைக் கயிறு போட்டுக் காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு கை இரண்டையும் விரித்துச் சுழலும் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் இடம் கூடினால் ஓட்டம்தான் வரும். வெளியில் செய்வதானால் காலை ஒன்பது மணிக்கு முன் வேப்பமர நிழலில். முதலில் கருக்கும் முள்ளும் சிப்பியும் கிடக்கிறதா என்று மணலைக் கூட்டிப் பாருங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்பார்கள்.

நிற்கப் பழகியதும் மறுதலை விளையாட்டு: “தலை” என்றால் பாதத்தைத் தொட வேண்டும், “பாதம்” என்றால் தலையைத் தொட வேண்டும். கேட்டதை நினைவில் வைத்து, வருகிற உந்தலை அடக்கி, மற்றதைச் செய்யும் இந்தத் திறமைதான் பிறகு வகுப்பில் கவனமாக இருக்க உதவுகிறது. பிள்ளைகளின் தன்கட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களும் இதேபோன்ற விளையாட்டையே பயன்படுத்துகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மறுதலை கடினம், அவர்களுக்குச் சொன்னதையே செய்ய விடுங்கள். நான்கரை வயதுக்கு மேல் மெல்ல மெல்ல மாற்றலாம். தோற்றவரை வெளியே இருத்தும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பழக்கம் கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியே போகும்.

கதை நடிக்கும்போது வேகத்தைக் குறைக்கும் பாத்திரங்களாகத் தெரிவு செய்யுங்கள். ஆமை, சேற்றில் நடக்கும் எருமை, தலையில் தண்ணீர்க்குடம் வைத்த அம்மா. முயலும் குதிரையும் பிறகு வரட்டும். கடைசி இரண்டு நிமிடம் எல்லோரும் பாயில் படுத்து “விதை”யாகட்டும். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி இருத்துங்கள். ஓட்டத்திலிருந்து நேரடியாகக் கதிரைக்கு வரச் சொல்வதுதான் உங்களுக்கு இப்போது சிக்கலாக இருக்கிறது.

கேள்வி: மகள் தரம் 5. புலமைப்பரிசில் நெருங்குகிறது. பாடசாலையில் நடிப்பு, விளையாட்டு என்று நேரம் போகிறது. இது தேவையா?
– தந்தை, மானிப்பாய்

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானது. நேர்மையாகச் சொன்னால், எல்லாவற்றுக்கும் நடிப்பு உதவாது. வாய்ப்பாட்டு வேகம், எழுத்துப்பிழை இல்லாமை, நேரத்துக்குள் வினாத்தாள் முடிப்பது எல்லாம் பயிற்சியால் மட்டுமே வரும். ஆனால் வசனக் கணக்கில் பிள்ளை விழும் இடம் பெரும்பாலும் கணக்கு அல்ல, வாசிப்பு. அங்கே நடிப்புக்கு வேலை உண்டு.

இதை மகளிடம் கொடுத்துப் பாருங்கள்: “அக்காவிடம் 8 மாங்காய் உண்டு. அது தம்பியிடம் உள்ளதிலும் 3 கூட. தம்பியிடம் எத்தனை?” நிறையப் பிள்ளைகள் 11 என்பார்கள். “கூட” என்ற சொல் கண்ணில் பட்டதும் கை கூட்டத் தொடங்கிவிடுகிறது. “கவனமாக வாசி” என்று ஏசுவதால் இது மாறாது. முதலில் எண்ணை மறைத்து, “யாரிடம் கூட? கையால் காட்டு” என்று கேளுங்கள். பிறகு 8 புளியங்கொட்டையை அக்காவின் நிரையில் அவரே வைக்கட்டும். அதற்குக் கீழே தம்பியின் நிரையை, ஒன்றுக்கு ஒன்று நேராக, மேல் நிரையில் 3 துருத்திக்கொண்டு நிற்குமாறு அடுக்கட்டும். 5 தானாகத் தெரியும். நீங்கள் அடுக்கிக் காட்டினால் பயன் பாதியாகும். மாங்காயோ ரொபியோ வைக்காதீர்கள். கவனம் பொருளுக்குப் போய்விடும், புளியங்கொட்டை போன்ற வெறும் காய்தான் நல்லது. நாலைந்து கணக்குக்குப் பிறகு கொட்டையை எடுத்துவிட்டு, இரண்டு நிரையையும் மனதில் அடுக்கச் சொல்லுங்கள், பிறகு இரண்டு கோடாகக் கீறச் சொல்லுங்கள்.

வாசிப்புப் பகுதிக்கும் இதே வழிதான். கிளென்பேர்க் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பண்ணையைப் பற்றிய வசனங்களை வாசித்து, வாசித்ததைப் பொம்மைகளால் செய்து காட்டினார்கள். ஒரே வசனத்தை மறுபடி வாசித்த பிள்ளைகளைவிட இவர்களுக்கு நன்றாக விளங்கியது. பொம்மையை எடுத்துவிட்டு, செய்வதாக மனதில் பாவனை செய்யப் பழக்கியபோதும் பயன் கிடைத்தது. பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுபோகக்கூடியது அந்த இரண்டாவது பழக்கம்தான்.

இன்னொன்று, இதற்கு இடமும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். 6 + 3 + 4 = ☐ + 4 என்ற கணக்கில் பிள்ளைகள் பெட்டிக்குள் 13 அல்லது 17 எழுதுவார்கள். சமன் அடையாளத்தை “விடை வரும்” என்று வாசிப்பதால் வரும் பிழை இது. இரண்டு விரலை விரித்து 6இன் கீழும் 3இன் கீழும் வைத்து, பிறகு அதே கையால் பெட்டியைச் சுட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாயால் “இரண்டு பக்கத்தையும் சமனாக்க வேண்டும்” என்று சொல்லட்டும். கோல்டின்-மெடோவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கைச்சைகையைச் செய்த பிள்ளைகள் சும்மா வாயால் சொன்னவர்களைவிடக் கூடுதலாகக் கற்றார்கள். பிழையான இரு எண்களின் கீழ் விரலை வைத்தவர்கள் நடுவில் நின்றார்கள். ஆகவே விரல் எங்கே படுகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

கேள்வி: தரம் 2இல் பல பிள்ளைகள் “கால்” என்பதைக் “கல்” என்றும் “கோடு” என்பதைக் “கொடு” என்றும் எழுதுகிறார்கள். சொல்வதெழுதல் எத்தனை கொடுத்தும் மாறவில்லை. உடல் அசைவால் திருத்த முடியுமா?
– ஆசிரியை, கொடிகாமம்

பதில்: அருமையாக முடியும், ஏனென்றால் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடே நேரம்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பழைய இலக்கணகாரரும் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் வைத்துத்தான் மாத்திரையை அளந்தார்கள்.

குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டியபின் இரண்டு கையையும் இன்னொரு தட்டு நேரத்துக்கு மெல்ல விலக்க வேண்டும். மெய்க்குக் கையைச் சட்டென்று பொத்த வேண்டும். “கல்” என்றால் தட்டு, பொத்து. “கால்” என்றால் தட்டு, இழு, பொத்து. முதல் நாளுக்குக் கல்–கால், பல்–பால் இரண்டு சோடி போதும். அடுத்து கொடு–கோடு, எடு–ஏடு, விடு–வீடு. இவற்றில் முதல் எழுத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஈற்றிலுள்ள “டு” இரண்டு சொல்லிலும் ஒரே அளவாக ஒலிக்காது, “கோடு” என்பதில் அது குறுகும். மலை–மாலை போன்ற சோடிகளைத் தள்ளி வையுங்கள். ஐ நெடில்தான், ஆனால் சொல்லின் ஈற்றில் குறுகிவிடும், அங்கே கையை இழுக்க வைத்தால் பிள்ளை குழம்பும்.

அடுத்ததாகக் கையை எழுத்தோடு இணைக்க வேண்டும். இழுக்கும் கை “கா”வில் அரவு (ா), “கோ”வில் இரட்டைக் கொம்பு (ே), ஏனென்றால் அரவு “கொ”விலும் உண்டு. “கோ” என்றால் இரட்டைக் கொம்பும் அரவும் என்று விரலால் காற்றில் எழுதியபடியே இழுக்கட்டும். மூவராகப் பிரியுங்கள்: ஒருவர் சொல்ல, ஒருவர் கையால் செய்ய, ஒருவர் கையைப் பார்த்து சிலேற்றில் எழுத வேண்டும். எழுதுபவர் காதைப் பொத்திக்கொண்டால் இன்னும் நல்லது, அப்போது கை செய்பவர் பிழைவிட்டால் உடனே வெளியே வரும்.

ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. விளங்கட்டும் என்று “காாால்” என நான்கு மாத்திரைக்கு இழுத்துச் சொல்வார்கள். பிள்ளை அந்த இழுப்பையே நம்பிப் பழகிவிடும். சொல்வதெழுதலில் இயல்பாகச் சொன்னதும் எல்லாம் குறிலாகக் கேட்கும். ஆகவே முதலிலிருந்தே இயல்பான நெடில், இரண்டே மாத்திரை. கிழமைக்குக் கிழமை அசைவையும் சிறிதாக்குங்கள்: முதலில் முழுக்கை, பிறகு மேசையில் விரல் தட்டல், பிறகு மனதுக்குள்.

கேள்வி: தரம் 8 புவியியலில் யாழ்ப்பாண நிலத்தடி நீர் பற்றிப் படிப்பிக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் “விளையாட்டு” என்றால் கூச்சப்படுகிறார்கள். என்ன வழி?
– ஆசிரியர், உரும்பிராய்

பதில்: இந்த வயதுக்கு ஒரு பிரச்சினையையும் பொறுப்பையும் கொடுங்கள். ஆசிரியரும் பாத்திரமாக உள்ளே வரும் முறையை இங்கிலாந்துக் கல்வியாளர் டொரத்தி ஹீத்கொட் வளர்த்தெடுத்தார். யாழ்ப்பாணத்திலும் கல்வியில் அரங்கு என்ற பெயரில் இது புதிதல்ல. குழந்தை சண்முகலிங்கம் போன்றோர் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழிவந்தவர்கள் பலர் பாடசாலைகளில் இதற்காக உழைத்திருக்கிறார்கள்.

வகுப்பு ஒரு ஊர்க்கூட்டம். நான்கு குழு: வெங்காயமும் மிளகாயும் செய்யும் விவசாயிகள், வீட்டுக் கிணற்றை நம்பிய குடும்பங்கள், பவுசரில் தண்ணீர் விற்பவர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள். நீங்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வளவு வாங்கியவர், பெரிய மோட்டர் பூட்டிக் குழாய்க்கிணறு அடிக்கப் போகிறவர், ஊர் நிலவரம் ஒன்றும் தெரியாதவர். இந்தத் தெரியாமை முக்கியம். நீங்கள் அரசாங்க அதிபராக வந்தால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தெரியாதவராக வந்து “கிணறு என்னுடையது, தண்ணீரும் என்னுடையதுதானே?” என்று கேட்டால் அவர்கள்தான் விளக்க வேண்டிவரும். தோளில் சால்வை இருந்தால் பாத்திரம், எடுத்தால் ஆசிரியர். வேறு வேடம் தேவையில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் தகவல் அட்டை கொடுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை. சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களில் தங்கும் நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. அதாவது மேலே கொஞ்சம் இறைத்துக் குறைத்தாலும் அடியிலிருந்து உப்புநீர் பலமடங்கு ஏறிவரும். துவாரமும் வெடிப்பும் நிறைந்த எங்கள் கல்லில் இது இடத்துக்கு இடம் மாறும் என்றும் எழுதுங்கள். உரமும் மலசலகூடக் குழியும் நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவது இன்னொரு அட்டை. அட்டை இல்லாமல் கூட்டம் வைத்தால் “தண்ணீரைச் சேமிப்போம்” என்ற கோஷம்தான் வரும், புவியியல் வராது.

40 நிமிடத்தில் அட்டை வாசிக்க 8, கூட்டம் 15. சூடு பிடித்த நேரத்தில் நிறுத்தி, பாத்திரமாக நின்றபடியே பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுத 7. மிகுதி 10 நிமிடம் சால்வையைக் கழற்றிவிட்டு எது உண்மை, எது வாதம் என்று பிரித்துப் பார்க்க. இந்தக் கடைசிப் பகுதியை மணி அடித்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பேசும் உரிமைக்கு ஒரு தடி வையுங்கள், தடி கையில் உள்ளவரே பேசலாம், ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் வராது. தோட்டக்காரரின் பிள்ளையை விவசாயியாகப் போடாதீர்கள். வீட்டுச் சண்டை மேடைக்கு வந்துவிடும். மறுபக்கத்தில் போட்டால் அவர் அறிவும் பயன்படும், மனமும் நோகாது.

கேள்வி: மகளுக்குக் கூச்சம். நடிப்பு என்றால் மூலையில் நிற்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?
– தாய், நல்லூர்

பதில்: வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் கற்கிறது. சிரட்டை தட்டுபவர், எண் அட்டை பிடிப்பவர், “அவர் இன்னும் ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும்” என்று திருத்துபவர் என்ற பொறுப்புகளைக் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். திருத்துபவருக்குத்தான் பாடம் கூடுதலாக விளங்க வேண்டும். தனியாக நிற்பதிலும் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யும், பார்வையாளர் இல்லாத விளையாட்டுகள் அவருக்குப் பொருந்தும். கைப்பாவையும் உதவும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் இதே யோசனைதான்: தரைக் கோட்டை மேசைக்குக் கொண்டுவந்து விரலை நடக்க விடலாம், அதை வகுப்பில் வேறு சிலரும் சேர்ந்து செய்யட்டும்.

கேள்வி: பரிசளிப்பு விழா நாடகத்துக்கு வசனம் பாடமாக்க வைப்பதே பெரும்பாடு. மேடையேறியதும் மறந்துவிடுகிறார்கள்.
– ஆசிரியை, பருத்தித்துறை

பதில்: வசனத்தை முதலில் இருந்து பாடமாக்கி, பிறகு எழுந்து நடிக்கச் சொல்வதால் வரும் சிக்கல். வரிசையை மாற்றுங்கள். முதல் ஒத்திகையில் எழுத்துப்பிரதியே வேண்டாம். கதையைச் சொல்லி, காட்சியைச் சொந்தச் சொல்லில் நடிக்க விடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் “இந்த ஆளுக்கு இப்போது என்ன வேணும்?” என்று கேளுங்கள். மன்னிப்பா, சாப்பாடா, தப்பி ஓடவா? அடுத்ததாக அசைவை நிலைப்படுத்துங்கள்: கதவடிக்குப் போகும் இடம், குடத்தை இறக்கும் இடம். அதற்குப் பிறகுதான் வசனம், அதுவும் அந்தந்த அசைவைச் செய்துகொண்டே. தொழில்முறை நடிகர்களின் நினைவை ஆராய்ந்த நொய்ஸ் தம்பதியர், அசைவோடு சேர்ந்த வசனம் சும்மா நின்று சொன்ன வசனத்திலும் நன்றாக நினைவில் நின்றதைக் கண்டார்கள்.

ஒருவருக்கு ஒரு மூச்சில் சொல்லக்கூடியதிலும் நீண்ட வசனம் இருந்தால் இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு செயலை வையுங்கள். ஒத்திகையில் சொல் மறந்தால் வசனத்தை எடுத்துக் கொடுக்காமல் “இப்போது எங்கே நடக்க வேண்டும்?” என்று கேளுங்கள். கால் போனால் பெரும்பாலும் சொல்லும் வரும். ஒத்திகைத் தரையின் அளவை மேடை அளவுக்குச் சோக்கால் குறித்துவிடுங்கள். மண்டபத்தில் இடம் கூடினாலோ குறைந்தாலோ அடிகள் தவறும், அடியோடு வசனமும் தவறும். கடைசி இரண்டு ஒத்திகையையாவது அந்த மேடையிலேயே வையுங்கள்.